சான்றிதழும் பொறுப்பும்: பொறியியல் மாணவர் மன்றங்களின் தொழில்முறைப் பயன் குறித்து

1. கேள்வி

தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளில் மாணவர் மன்றங்களுக்குப் பஞ்சமில்லை. துறைக்கு ஓர் அசோசியேஷன் இருக்கிறது. அதற்கு மேல் ஐ.எஸ்.டி.இ., ஐ.இ.இ.இ., எஸ்.ஏ.இ. இந்தியா போன்ற தொழில்முறைச் சங்கங்களின் மாணவர் கிளைகள் இருக்கின்றன; ரோபோட்டிக்ஸ், கோடிங், ட்ரோன் என்று தனித்தனிக் கிளப்புகளும் உண்டு. முதலாமாண்டின் தொடக்க வாரத்தில் இவையெல்லாம் மாணவர்களுக்கு அறிமுகமாகின்றன. நான்காமாண்டின் முடிவில் ஒரு கோப்பு நிறையச் சான்றிதழ்களாகி, வேலைக்கான நேர்காணல் மேசைக்குச் செல்கின்றன. இடைப்பட்ட காலத்தில், ஒரு மாணவர் தொழில்முறைப் பொறியாளராக உருவாவதில் இம்மன்றங்களுக்கு உண்மையான பங்கு என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இக்கேள்வியைச் சென்னையிலோ கோவையிலோ நின்று கேட்டால் விடை எளிதாகக் கிடைத்துவிடும். அங்கே வெற்றிக் கதைகள் நிறைய உண்டு. ஆகவே பழனிக்கு மேற்கே, உடுமலை சாலையில் உள்ள நெய்க்காரப்பட்டியிலிருந்து கேட்கிறேன். கரும்பும் தென்னையும் நெல்லும் விளையும் பேரூராட்சி அது. சுற்றிலும் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டகைகள். அங்கிருந்து திண்டுக்கல் 60 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பொறியியல் படிக்க விரும்பும் பிள்ளைக்குப் பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், உடுமலை, பொள்ளாச்சி வட்டாரக் கல்லூரிகளே கைக்கெட்டும் தொலைவில் உள்ளவை. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையிலோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021இல் தொழிற்படிப்புகளில் சட்டப்படி அளிக்கப்பட்ட 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டிலோ சேரும் இத்தகைய மாணவருக்கு வீட்டிலோ தெருவிலோ வழிகாட்டப் பொறியாளர் யாரும் இருப்பதில்லை. மன்றம் யாருக்கேனும் இன்றியமையாதது என்றால் இவருக்குத்தான். இவருக்கு அது பயன்படவில்லை என்றால், மற்ற இடங்களின் வெற்றிகளை வைத்து மன்றங்களை மெச்சுவதில் பொருளில்லை.

என் வாதம் இது. தொழில்முறை வளர்ச்சியை மன்ற உறுப்பினர் என்ற தகுதியோ நிகழ்ச்சி நடத்திய அனுபவமோ போட்டிப் பரிசோ தருவதில்லை. தோற்கக்கூடிய ஒரு வேலையை மாணவர் பொறுப்பேற்றுச் செய்வது, கல்லூரிக்கு வெளியே உள்ளவர் அதைச் சோதிப்பது, செய்தவர் வெளியேறும்போது அறிவு அடுத்தவருக்குக் கைமாறுவது ஆகிய மூன்றும் கூடும்போதுதான் அது நிகழ்கிறது. இம்மூன்றும் பாட நேரத்துக்குள் கிடைத்தாலும் நல்லதே. மன்றங்களின் சிறப்பு, இவை கிடைக்க அதிக வாய்ப்புள்ள இடமாக அவை இருப்பதில்தான் இருக்கிறது. அந்த வாய்ப்பை நம் கல்லூரிகளில் பல வீணாக்குகின்றன.

2. நிலவும் புரிதல்கள்

மாணவர் மன்றங்களைப் பற்றி இங்கே மூன்று பார்வைகள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது, பெற்றோரும் பேராசிரியர் பலரும் கொண்டிருப்பது: மன்றம் படிப்புக்கு வெளியே உள்ள பொழுது, அரியர் இல்லாதவர் ஈடுபடலாம், இருப்பவர் தவிர்க்க வேண்டும். இரண்டாவது, வேலைவாய்ப்புப் பிரிவின் பார்வை: மன்றம் மாணவரின் பேச்சுத்திறனையும் குழுவாக இயங்கும் பண்பையும் வளர்த்து அவரை நேர்காணலுக்கு ஏற்றவராக்குகிறது. மூன்றாவது, தர அங்கீகாரத்தின் பார்வை. இதுவே இன்று கல்லூரி நிர்வாகங்களை வழிநடத்துவதால் இதைச் சற்று விரிவாகக் காண வேண்டும்.

இந்தியா 2014 ஜூன் மாதம் வாஷிங்டன் உடன்படிக்கையின் நிரந்தர உறுப்பானது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு அது. அதன் வழியில், தேசிய அங்கீகார வாரியம் ஒரு பட்டதாரியிடம் எதிர்பார்த்த பன்னிரண்டு பண்புகளில் தொழில்அறம், குழுப்பணி, கருத்துப் பரிமாற்றம், திட்ட மேலாண்மை, வாழ்நாள் கற்றல் ஆகியவையும் இடம்பெற்றன. இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க இயலாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே கல்லூரிகள் மன்றங்களைச் சுட்டிக்காட்டின. ஆனால் மதிப்பீடு எதைக் கணக்கில் எடுத்தது? வாரியம் பல ஆண்டுகள் பயன்படுத்திய தன்மதிப்பீட்டுப் படிவத்தில் 1000 மதிப்பெண்ணில் 20 தொழில்முறைச் செயல்பாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் 5 சங்கக் கிளைகளும் நிகழ்ச்சிகளும் இருப்பதற்கு, 5 தொழில்நுட்ப இதழ் வெளியிடுவதற்கு, 10 பிற கல்லூரி நிகழ்வுகளில் பங்கேற்பதற்கு. நிகழ்ச்சி நடந்தது, இதழ் வந்தது, மாணவர் போய்வந்தார் என்பதற்கு இங்கே மதிப்பெண் இருந்தது. மாணவர் செய்த பொருள் இயங்கியதா, ஏன் இயங்கவில்லை என்று கேட்பதற்கு இந்த 20 மதிப்பெண்ணில் இடமிருக்கவில்லை.

எதற்கு மதிப்பெண் உண்டோ அதுவே பெருகும். ஆண்டுக்கொரு சிம்போசியம், அழைப்பிதழ், குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர் உரை, ஆய்வுத்தாள் வாசிப்பு, வினாடி வினா, அனைவருக்கும் பங்கேற்புச் சான்றிதழ் என்ற வடிவம் மாநிலம் முழுவதும் ஒரே அச்சில் பரவியதற்குக் காரணம் மாணவர்களின் சோம்பல் என்று கூறிவிட முடியாது. அமைப்பு கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். இதே போக்கின் கடுமையான வடிவம், நகரந்தோறும் உள்ள புராஜெக்ட் சென்டர்களில் இறுதியாண்டுத் திட்டத்தை விலைக்கு வாங்கும் பழக்கம். செய்து முடித்ததற்கான தாள் மட்டும் போதுமென்றால், தாளை விற்கும் கடை திறக்கவே செய்யும்.

கல்வி ஆய்வுலகம் இதைவிடக் கூர்மையான கருவிகளைத் தந்திருக்கிறது. அமெரிக்கக் கல்வியாளர் அலெக்ஸாண்டர் ஆஸ்டின் 1984இல் முன்வைத்த ஈடுபாட்டுக் கோட்பாடு, மாணவர் ஒரு செயலில் செலுத்தும் உடல், மன ஆற்றலின் அளவே கற்றலைத் தீர்மானிக்கிறது என்கிறது. கல்லூரியிடம் உள்ள ஆக அரிய வளம் மாணவரின் நேரமே என்றும் அது வலியுறுத்துகிறது. ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991இல் எழுதிய நூல், தையற்காரர் முதல் மருத்துவச்சி வரை தொழில் பழகுவோரை ஆராய்ந்து, புதியவர் ஓரத்திலிருந்து சிறு பொறுப்புகளை ஏற்று மெல்ல மையத்துக்கு நகர்வதே தொழில் கற்பதன் இயல்பு என்று காட்டியது. முதல் கோட்பாடு நேரத்தைக் கேட்கிறது; இரண்டாவது, மெய்யான வேலை நடக்கும் ஓர் இடத்தைக் கேட்கிறது. சிம்போசியம் இரண்டையும் தருவதில்லை.

3. தோற்கக்கூடிய வேலை, வெளியார் சோதனை

மன்றம் நன்றாக இயங்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு நெய்க்காரப்பட்டியிலிருந்து எட்டும் தொலைவிலேயே ஒரு சான்று உண்டு. பந்தய வீரரும் கார் வடிவமைப்பாளருமான எஸ். கரிவரதனின் பெயர் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. மாணவர்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களுக்கான ஃபார்முலா பாரத் போட்டி அங்கே நடந்துவருகிறது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் உருவாகி உலகெங்கும் பரவிய போட்டி வகையின் இந்திய வடிவம் இது.

இப்போட்டியின் முதல் கட்டம் பார்வையாளர் அதிகம் காணாதது. கார் ஓடுதளத்துக்குப் போகுமுன் சோதனைக்குள் போகிறது. ஒரு மேடையில் ஏற்றி 60 பாகை சாய்ப்பார்கள். எண்ணெயோ எரிபொருளோ சொட்டக்கூடாது, மேல்பக்கச் சக்கரம் தூக்கக்கூடாது. ஓட்டுநர் முழுப் பாதுகாப்பு உடையில் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு 5 விநாடிக்குள் வெளியேறிக் காட்ட வேண்டும். வேகமாக வந்து பிரேக்கை அழுத்தினால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கார் ஓடாது. ஓராண்டு உழைப்பு அங்கேயே நிற்கும். இதையடுத்து நடுவர்கள் கேள்வி கேட்கிறார்கள். மொத்தம் 1000 புள்ளியில் 325 கார் நிற்கும்போதே முடிவாகிவிடுகிறது: வடிவமைப்புக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்துக்கு 75. இந்தக் குழாயின் தடிமனை ஏன் இப்படித் தேர்ந்தீர்கள் என்று கேட்டால், கடையில் அதுதான் கிடைத்தது என்ற பதில் செல்லாது. அதுதான் கிடைத்தது என்றால், அதற்கேற்ப இப்படிக் கணக்கிட்டோம் என்று தாளை நீட்டத் தெரிய வேண்டும். கடைசியாக வரும் ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நெடு ஓட்டத்தை முடிக்காமல் நின்றுபோகும் கார்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

கவனிக்க வேண்டியது இதுதான். குழுப்பணி, கருத்துப் பரிமாற்றம் என்று அங்கீகாரப் படிவம் தனித்தனியாகப் பட்டியலிடும் பண்புகள் இங்கே தனித்தனியாகக் கற்பிக்கப்படுவதில்லை. வெல்டிங் செய்தவரும் கணக்கிட்டவரும் பேசிக்கொள்ளாவிட்டால் சட்டகம் சோதனையில் சிக்கும், ஆகவே பேசுகிறார்கள். பொய்க் கணக்கை நடுவர் கண்டுபிடிப்பார். ஆகவே நேர்மை நடைமுறைத் தேவையாகிறது. உள்மதிப்பெண் போடும் ஆசிரியருக்கு மாணவரிடம் இரக்கம் காட்ட இடமுண்டு. சாய்மேடைக்கு அந்த இரக்கம் கிடையாது. தொழிலுலகில் பொறியாளர் சந்திக்கப்போவது இத்தகைய சோதனையைத்தான். அதை இருபது வயதில், உயிரோ ஊரார் பணமோ பறிபோகாத ஓரிடத்தில் சந்திக்கவைப்பதே இம்மன்றங்களின் அரிய பயன்.

இதே தன்மையைச் செயற்கைக்கோள் திட்டங்களிலும் காண்கிறோம். அண்ணா பல்கலைக்கழகம் இஸ்ரோவின் வழிகாட்டலில் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட் 2009 ஏப்ரல் 20 அன்று ஏவப்பட்டது. எஸ்.ஆர்.எம். மாணவர்களின் எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபரிலும், சத்யபாமா மாணவர்களின் சத்யபாமாசாட் 2016 ஜூனிலும் பின்தொடர்ந்தன. ராக்கெட்டில் ஏறும் பெட்டி எவ்வளவு சிறியதானாலும் அதிர்வுச் சோதனையிலும் வெப்ப-வெற்றிடச் சோதனையிலும் தேற வேண்டும். மாணவர் செய்தது என்பதற்காக இஸ்ரோ விதியைத் தளர்த்துவதில்லை. மாணவர் பெறும் உண்மையான மதிப்பு அதில்தான் இருக்கிறது: தன் வேலை ஒரு பொறியாளரின் வேலையாக நடத்தப்படுகிறது.

4. கைமாறும் அறிவு

மூன்றாவது நிபந்தனை பெரும்பாலும் பேசப்படாதது. நான்காண்டுப் படிப்பில், மன்ற வேலைக்கு முழுமையாகத் தேறிய மாணவர் ஈராண்டே கிடைப்பார். அவர் போகும்போது அறிவும் போய்விட்டால் மன்றம் ஆண்டுதோறும் முதலாம் வகுப்பிலிருந்து தொடங்கும். ஜெர்மனியின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் இயங்கும் அகாஃப்ளீக் என்னும் மாணவர் பறத்தல் குழுக்கள் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு கருதத்தக்கது. முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனியில் எந்திர விமானங்களுக்குத் தடைகளை விதித்தபோது, மாணவர்கள் எந்திரமில்லாக் கிளைடர்களை வடிவமைக்கத் தொடங்கினர். உறுப்பினர் பட்டறையில் உழைத்த நேரத்தால்தான் பறக்கும் உரிமையை ஈட்ட வேண்டும் என்பது அக்குழுக்களின் மரபு. புதியவர் மூத்தவர் அருகில் நின்று மரம் இழைத்தார், பிசின் பூசினார். அப்படியே வடிவமைப்புக்கு நகர்ந்தார். 1957இல் முதன்முதலாகப் பறந்த ஃபீனிக்ஸ், கண்ணாடியிழையால் ஆன உலகின் முதல் கிளைடர். ஸ்டுட்கார்ட் குழுவின் மரபிலிருந்து அது வந்தது. ஒரு தலைமுறை மாணவர் தொடங்கியதை அடுத்த தலைமுறை முடிக்க முடிந்ததால் விளைந்த பயன் இது.

இங்கே அதற்கு நெருங்கிய முயற்சி சென்னை ஐ.ஐ.டி.யின் புத்தாக்க மையம். 1981ஆம் ஆண்டு வகுப்பின் முன்னாள் மாணவர்கள் தந்த நிதியில் 2008இல் தொடங்கிய இம்மையம் மாணவர்களே நடத்தும் பட்டறை. 2017இல் அங்கு உருவான ஆவிஷ்கார் ஹைப்பர்லூப் குழு 2019இல் அமெரிக்காவில் ஸ்பேஸ்எக்ஸ் நடத்திய போட்டியின் இறுதிச் சுற்றுக்குச் சென்றது. தொடங்கியவர்கள் பட்டம் பெற்றுப் போன பிறகும் வேலை நிற்கவில்லை. தையூர் வளாகத்தில் 400 மீட்டருக்கும் நீளமான சோதனைக் குழாய்ப் பாதை எழுந்தது. கட்டடமும் நிதியும் அதற்குத் துணை நின்றன. ஆனால் ஆவணமும் மூத்தோர்–இளையோர் தொடர்பும் இல்லாமல் கட்டடம் மட்டும் எதையும் தொடரச் செய்யாது.

கைமாறுவதற்கு எழுத்து வேண்டும். அது தாய்மொழியில் எழுத்தாகவும் இருக்கலாம் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம், அங்கிருந்த தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில் நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தில் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியர் தேவனிடமிருந்து முதற்பரிசு பெற்றதைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். அதே காலத்தில் தாழ்வாகப் பறக்கும் தாக்குதல் விமானத்தின் வடிவமைப்பில் பேராசிரியர் ஸ்ரீனிவாசன் நிறைவடையாமல், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று எச்சரித்ததையும் அவர் சொல்கிறார். பின்னது பாடத்திட்டத்துக்குள் நடந்தது. முன்னது மன்றத்தில் நடந்தது. இரண்டிலும் அவர் தம் வேலையை வேறொருவர் முன் நிறுத்திக் காக்க வேண்டியிருந்தது. பாடத்துக்கு உள்ளா வெளியா என்ற பிரிவினையைவிட இந்தப் பொதுத்தன்மையே முக்கியம்.

5. நெய்க்காரப்பட்டியிலிருந்து பார்த்தால்

இச்சான்றுகளை அப்படியே கிராமத்து மாணவருக்குப் பொருத்திப் பார்க்கும்போது முதலில் தட்டுப்படுவது கல்லூரிப் பேருந்து. பட்டறை வேலை மாலையில் தொடங்கி இரவில் சூடுபிடிக்கும். ஆனால் தினமும் வீட்டிலிருந்து போய்வரும் மாணவருக்கு, கடைசி வகுப்பு முடிந்த சற்று நேரத்தில் பேருந்து புறப்பட்டுவிடும். அதைத் தவறவிட்டால் நகரப் பேருந்து நிலையம், அங்கிருந்து பழனி, பழனியிலிருந்து ஊர் என்று மாறிமாறி வர வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இதோடு வீட்டின் கவலையும் சேரும்; விடுதியில் தங்கினாலும் வாயில் மூடும் நேரம் தடுக்கும். விடுதியில் தங்கிப் படிப்போர் இடைநிற்காமல் தொடர்வதற்கான வாய்ப்பு அதிகம் என்று ஆஸ்டின் தம் முந்தைய ஆய்வுகளில் கண்டது நினைவுகூரத்தக்கது. நேரமே அரிய வளம் என்றால், நம் கல்லூரிகளில் அவ்வளத்தைப் பங்கிடுவது பேருந்து அட்டவணைதான்.

அடுத்தது பணம். பந்தயக் கார் ஒன்றுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். விளம்பரதாரர் கிடைக்காத கல்லூரியில் அது உறுப்பினர்களின் பங்குத்தொகையாக மாறும். அப்போது மன்றத்தில் யார் சேர்வார் என்பதைத் திறமைக்கு முன் குடும்பத்தின் கைவளம் தீர்மானிக்கிறது. ஆக, நல்ல மன்றம் இருக்கும் கல்லூரியிலும் முதல் பட்டதாரி அதன் வாசலுக்கு வெளியே நிற்க நேர்கிறது. அவருக்கு எஞ்சுவது, பகல் நேரத்தில் வகுப்புக்கு வராமலே வருகைப்பதிவு (ஓ.டி.) கிடைக்கும் சிம்போசியமும் அதன் சான்றிதழும்தான்.

6. மறுப்புகள்

இவ்வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் மூன்று கனமானவை. முதலாவது, மன்றத்தால் மாணவர் வளர்கிறார் என்பதே மயக்கம். இயல்பிலேயே ஆர்வமும் திறனும் உள்ளவர்கள் சேர்கிறார்கள், அவர்கள் எப்படியும் முன்னேறுவார்கள் என்பது. இதில் பெருமளவு உண்மை உண்டு. மன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை மற்றவரோடு ஒப்பிட்டு மன்றத்தின் பயனை மெய்ப்பிக்க முயல்வோருக்கு இது சரியான தடை. ஆகவேதான் இக்கட்டுரை அத்தகைய ஒப்பீட்டை நாடாமல், வேலையின் உள்ளமைப்பை நோக்குகிறது. சோதனையில் தோற்ற பிரேக்கைத் திருத்தும் வேலை ஆர்வமுள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே காரணத்தை ஆராயச் செய்கிறது. ஆர்வமுள்ளவரே சேர்கிறார் என்பது உண்மையானால், அது வாசலை அகலத் திறக்கச் சொல்லும் காரணமே தவிர மூடச் சொல்லும் காரணமாகாது.

இரண்டாவது, அடிப்படைப் பாடத்தில் தேறாத மாணவரை மன்றம் மேலும் பின்தள்ளும் என்பது. கணிதத் தாளில் அரியர் வைத்திருப்பவர் பட்டறையில் கிடந்தால் பட்டமே கைநழுவலாம். ஆசிரியர்களின் இக்கவலை பொறுப்பானது. ஆனால் அரியர் உள்ளவரை மன்றத்திலிருந்து விலக்கும் விதி, கணிதம் எதற்கு என்று அவர் காணக்கூடிய ஓரிடத்தையும் பறித்துவிடுகிறது. வேலையின் அளவைக் குறைப்பதும், பாடத்துக்குள் நேரம் ஒதுக்குவதும் இதைவிட நல்ல வழிகள்.

மூன்றாவது மறுப்பு ஆழமானது: இவையெல்லாம் நிறுவனங்களுக்குச் சம்பளமின்றி ஆள் பழக்கித் தரும் வேலை, பந்தயக் கார் ஓராண்டு ஓடிய பின் மூலையில் துருப்பிடிக்கிறது, சமூகத்துக்கு அதனால் என்ன என்பது. போட்டியின் பயிற்சி மதிப்பை மறுக்க இது போதாது. ஆனால் எதைச் செய்வது என்ற தேர்வில் இம்மறுப்பை நாம் ஏற்கத்தான் வேண்டும். தோற்கக்கூடிய வேலையும் வெளியார் சோதனையும் பந்தயத் தளத்தில் மட்டுமே கிடைப்பவை அல்ல.

7. ஆலைக் கொட்டகையில் ஒரு மன்றம்

நெய்க்காரப்பட்டியைச் சுற்றியுள்ள ஆலைக் கொட்டகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரும்பைப் பிழிந்த சாறு கொப்பரைக்குப் போகிறது. சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை வழித்தெடுத்து, ஏறத்தாழ 118 பாகை செல்சியஸ் வரை காய்ச்சுகிறார்கள். அடுப்புக்கு எரிபொருள் அதே கரும்பின் சக்கை. சக்கை ஈரமாக இருந்தால் புகை மிகும். காற்று சரியாகப் புகாவிட்டால் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போய்விடும். பதம் தப்பினால் அந்தக் கொப்பரைப் பாகு முழுவதும் கருகி நிறம் கெட்டு, சந்தையில் விலை இறங்கும். நிறத்துக்காக ரசாயனம் சேர்க்கும் தவறான பழக்கத்துக்கும் இந்த விலை அழுத்தமே ஒரு காரணம். பாகின் பதத்தைக் கண்ணாலும் விரலாலும் அறியும் காய்ச்சுபவருக்குப் பொறியியல் மாணவர் கற்பிக்க எதுவுமில்லை. ஆனால் புகைபோக்கியின் வெப்பத்தை அளக்கலாம். எரிந்த சக்கையையும் கிடைத்த வெல்லத்தையும் நாள்தோறும் எடைபோட்டுப் பதியலாம். வீணாகும் வெப்பத்தில் அடுத்த சாற்றைச் சூடேற்றும் இரண்டாவது கொப்பரையை வடிவமைக்கலாம்.

இவ்வேலையில் மூன்று நிபந்தனைகளும் நிறைவேறுகின்றன. அது தோற்கக்கூடியது, தோற்றால் ஒருவருக்கு இழப்பு, ஆகவே சிறு அளவில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய கொப்பரையைத் தொட வேண்டும் என்ற தொழில்அறம் தானே வந்துசேரும். சோதிப்பவர் ஆலைக்காரர், சக்கை மிச்சமானதா என்று அவர் கேட்பார், சான்றிதழ் அவருக்குத் தேவையில்லை. கரும்பு அடுத்த பருவமும் வெட்டப்படும் என்பதால் பதிவேடு அடுத்த ஆண்டு மாணவர் கைக்குப் போகும். செலவு சில ஆயிரத்துக்குள் தொடங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரிப் பேருந்தில் ஊர் திரும்பும் மாணவருக்கு வேலை அவர் ஊரிலேயே இருக்கிறது. விடுதி மாணவருக்கு எட்டாத ஓர் இடத்தில் அவரே மூத்தவர்.

இது நெய்க்காரப்பட்டி இருக்கும் திண்டுக்கல் மாவட்டத்துக்கு முற்றிலும் புதிய எண்ணமும் அன்று. டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் உருவாக்கிய காந்திகிராமத்தில் 1956இல் தோன்றிய கிராமிய நிறுவனம், மாணவர் கிராமத்தில் தங்கிப் பணியாற்றுவதைக் கல்வியின் பகுதியாகவே ஆக்கியது. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழா, வெளியிலிருந்து வரும் சிக்கல்களை மாணவர் முன் வைக்கிறது. முன்மாதிரிகள் இருக்கின்றன, அவற்றை மன்றங்களோடு இணைப்பதே எஞ்சிய வேலை.

அதற்குக் கல்லூரிகள் செய்யக்கூடியவை தெளிவானவை. வாரத்தில் ஒரு பிற்பகலைப் பேருந்து புறப்படும் முன்னரே மன்ற வேலைக்கென அட்டவணையில் ஒதுக்க வேண்டும். உறுப்பினர் பங்குத்தொகை கேட்கும் வழக்கத்தை நிறுத்தி, சிம்போசியத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியை அளவுக்கருவிகளுக்குத் திருப்ப வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வெளியேறும் அணி, தோல்விகளையும் சேர்த்து எழுதிய பதிவேட்டை ஒப்படைத்த பின்னரே சான்றிதழ் பெற வேண்டும். அதைத் தமிழில் எழுதினாலும் ஏற்க வேண்டும். அங்கீகாரம் வழங்கும் அமைப்புகள், எத்தனை நிகழ்ச்சி நடந்தது என்று கேட்கும் இடத்தில், வெளியார் எவர் எதைச் சோதித்தார், என்ன சொன்னார் என்று கேட்கத் தொடங்கினால் கல்லூரிகள் தாமே மாறும். முதல் பட்டதாரி ஒருவருக்கு நான்கு ஆண்டுகளில் நாம் தரக்கூடிய ஆகச் சிறந்த தொழில்முறைப் பயிற்சி, அவரை நம்பி ஒரு மெய்யான வேலையை ஒப்படைத்து, அதற்கு அவரைப் பதில் சொல்லவைப்பதே.